ஏழு கன்னியர் மலையும் ஒரு பொம்மை விமானமும்

அக்கரப்பத்தனையைச் சேர்ந்த தோட்டமொன்றின் விளையாட்டுத் திடலுக்கு மேலே, சென்ற பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில், மூன்றரை அடி இறக்கை விரிவுடைய ஆகாய விமானமொன்று நிலைகுலைந்து, தேயிலைச் செடிகளுக்கிடையே விழுந்து நொறுங்கியது. உயிர்ச்சேதம் எதுவுமில்லை. கோழி ஒன்று மாத்திரம் திடுக்கிட்டு லயத்துக் கூரைமேல் ஏறி, மாலைவரை இறங்க மறுத்தது.

விமானத்தின் சொந்தக்காரனும் அதனைச் செலுத்தியவனும் என் தமக்கையின் மகன். கொழும்பில் தொழில் பார்ப்பவன். நான்கு மாதகாலம் இரவு இரவாகக் கண்விழித்து, ரெஜிபோம் தகடுகளை வெட்டி ஒட்டித் தன் கையாலேயே அதனைச் செய்திருந்தான். மூக்கில் ஒரு மின் மோட்டார்; இறக்கையோரத்திலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைப்பதற்குத் தீப்பெட்டியளவான சிறு மோட்டார்கள்; வயிற்றுக்குள் பற்றரியும் ரிசீவரும். தரையில் நிற்பவன் கையிலுள்ள ரிமோட்டின் குச்சிகளை அசைக்க, வானொலி அலைவழியே அந்த அசைவு ஆகாயத்தில் உள்ள தகடுகளைச் சென்றடையும். கடற்கரையோரத்தில் இருபது தடவைக்குமேல் குறையின்றிப் பறந்த விமானம் அது. பிறந்த ஊர் மக்களுக்குக் காட்டவேண்டுமென்ற ஆசையினால் ரயிலேற்றித் தலவாக்கலைவரை கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தான். திடலைச் சுற்றி லயத்துப் பிள்ளைகள் அனைவரும் கூடி நிற்க, விமானம் எழுந்து மூன்று வட்டமிட்டது. நான்காவது வட்டத்தில் விழுந்தது.

விழுந்த பொருளைச் சுற்றிக் கூடும் மக்களிடம் காரணங்களுக்குப் பஞ்சமிருப்பதில்லை. பற்றரி தீர்ந்துவிட்டது என்றார் ஒருவர். மலை மறைத்ததனால் அலை போய்ச் சேரவில்லை என்றார் கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். இஸ்டோருக்குமேல் பறந்தது ரோதமுனிக்குப் பொறுக்கவில்லை என்று ஒரு மூதாட்டி சொன்னார். பையனோ ஒன்றுக்கும் மறுமொழி கூறாமல் சிதறல்களைப் பொறுக்கிச் சாக்கொன்றில் போட்டுக்கொண்டிருந்தான். "சிக்னல் போய்விட்டது மாமா, வேறொன்றுமில்லை" என்று என்னிடம் மெல்லச் சொன்னான். தன் கைமேல் பிழையில்லை என்று நம்புவதற்கு அவனுக்கு அது வசதியாக இருந்தது. யாரைத்தான் குறைசொல்வது? நானும் அதனையே நம்ப விரும்பினேன்.

நம்ப மறுத்தவர் ஒருவர் இருந்தார். தேயிலை இஸ்டோரில் நாற்பது ஆண்டுகள் இயந்திரம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர், வயது எண்பதாகிறது. ரோதமுனிக்குத் தவறாமல் பூசை வைத்தவரேயாயினும், ரோலர் நின்றால் முதலில் பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பவர். அவர் சாக்கைத் திடலிலேயே கொட்டச் சொன்னார். "தம்பி, மெசின் நின்னுபோனா நின்ன மெசினப் பாக்கக்கூடாது. நிக்கிறதுக்கு முந்தி என்ன சத்தம் கேட்டுச்சுன்னு கேக்கணும்" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எங்கள் விசாரணை தொடங்கியது.

சத்தம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. தரையைத் தொடும்வரை மோட்டார் வண்டுபோல் இரைந்துகொண்டே இருந்தது. விசிறியின் இரு அலகுகளும் முறிந்திருந்தன. அது வெட்டித் தள்ளிய தேயிலைக் கிளைகளின் வெட்டுவாய் பச்சையாகவே தெரிந்தது. ஆகவே விழும்போது மோட்டார் முழு விசையுடன் சுழன்றிருக்கிறது. பையனின் முகம் சற்றே மாறியது. ஏனெனில், வானொலிக் கட்டளை அறுந்துபோனால் அடுத்த கணமே மோட்டார் தானாக நின்றுவிடும்படி அவனே ரிசீவரில் ஏற்பாடு செய்திருந்தான். மோட்டார் நிற்கவில்லை, ஆதலால் கட்டளை அறுந்திருக்க முடியாது. பற்றரியை அளந்து பார்த்தோம்: 11.4 வோல்ற்று. ஏறத்தாழப் பாதி மிச்சம். புதிய பற்றரி ஒன்றை மாட்டி ரிமோட்டை அசைத்ததும், உடைந்த இறக்கையில் தொங்கிக்கொண்டிருந்த தகடு சொன்னபடி மேலும் கீழும் அசைந்தது. செத்தும் கைகட்டி நிற்கும் வேலைக்காரனைப்போல் அது பணிந்ததைக் கண்டபோது எனக்கு ஒருவித இரக்கம் உண்டாயிற்று.

அடுத்து, இடத்தின் குற்றமோ என்று ஆராய்ந்தோம். கடல் மட்டத்தில் பழகிய விமானத்துக்கு ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்து ஆகாயம் வேறு. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே பாரத்தைத் தாங்க வேண்டுமானால் இறக்கை நூற்றுக்கு ஏழு பங்கு அதிக வேகத்தில் காற்றைக் கிழிக்க வேண்டும். திரும்பும்போது வட்டமும் பெரிதாகும். போதாக்குறைக்கு மலைக்காற்று. மலைமுகட்டைத் தாண்டி வரும் காற்று, மறுபுறத்துச் சரிவில் நீர்வீழ்ச்சிக்கடியில் சுழலும் நீரைப்போல் சுருண்டு புரளும். இவையெல்லாம் உண்மை. எனினும் முதல் மூன்று வட்டங்களிலும் இதே காற்றுத்தான் வீசியது. விமானம் தள்ளாடியதேயன்றி விழவில்லையே!

இந்த இடத்தில் நாங்கள் திகைத்து நின்றபோது, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மிலாற்றுக் கட்டொன்றைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பெண் பாலம் கடந்து வந்தாள். கவ்வாத்து வெட்டிய மலையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள். நாங்கள் அனைவரும் திடலிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது, அவள் ஒருத்திதான் எதிர்ப்புறச் சரிவிலிருந்து, விமானத்துக்குப் பின்னால் நின்று பார்த்தவள். "அக்கா, விழுகிறபோது எப்படி இருந்தது?" என்று பையன் கேட்டான்.

"மூக்கு ஒங்க பக்கந்தானே தம்பி இருந்துச்சு. திடலுக்குத்தான் திரும்பி வந்துச்சு. ஒரு செறகு சாஞ்சுச்சு. நிமுத்துவீங்கன்னு பாத்தேன், இன்னுஞ் சாச்சுட்டீங்க" என்றாள் அவள்.

பையன் உட்கார்ந்துவிட்டான். அவன் எண்ணியிருந்தது வேறு. விமானம் தன்னைவிட்டு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது என்றே கடைசிக் கணம்வரை எண்ணியிருந்தான். நான்காம் வட்டத்தில் அது எதிர்மலையை நெருங்கியபோது மூடுபனியின் ஒரு கிழிசல் நடுவே வந்து மறைத்தது; இரண்டு விநாடி, மிஞ்சினால் மூன்று. அந்தத் திரைக்குப் பின்னால் காற்று அதனைத் தள்ளித் திருப்பத்தை முடித்துவிட்டது. திரை விலகியபோது அவன் கண்டது வெண்பனியின்மீது ஒரு கறுப்புக் கீற்று. தொலைவிலுள்ள கீற்றுக்கு முன்னும் பின்னும் இல்லை; வருகிறதென்று நினைத்தால் வரும், போகிறதென்று நினைத்தால் போகும். வலப்புறம் தாழ்ந்த இறக்கையைக் கண்டதும், விமானம் அப்பால் போகிறது என்ற நம்பிக்கையில் குச்சியை இடப்புறம் தள்ளினான். விமானமோ எதிர்முகமாக வந்துகொண்டிருந்தது. அதற்கு அதுவே இடப்புறம். தாழ்ந்த இறக்கை இன்னும் தாழ்ந்தது. பதறி மேலும் தள்ளினான். விமானம் அவனுக்கு முற்றாகக் கீழ்ப்படிந்தே விழுந்தது.

இக்கலையில் பழகியவர்கள் இதற்கென ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். விமானம் உன்னை நோக்கி வரும்போது, தாழ்ந்த இறக்கை எப்பக்கமோ அப்பக்கமே குச்சியைத் தள்ளு. முட்டுக் கொடுப்பதுபோல் நினைத்துக்கொள் என்பது அது. பையனுக்கும் சூத்திரம் தெரியும். ஆனால், வருகிறது என்று தெரிந்தவனுக்கல்லவோ அந்தச் சூத்திரம் உதவும்?

பெரியவர் இதனோடு விடவில்லை. மறுநாள் தேயிலைப் பெட்டி அட்டையில் விமான உருவொன்றை வெட்டிக் கரி பூசி, மூங்கிற் கழியில் கட்டி, இருநூறு கவடு தள்ளி நின்று பனிமூட்டத்தின் முன்னே பிடித்தார். முன்புறத்தையும் பின்புறத்தையும் மாற்றி மாற்றிப் பத்து முறை காட்டச் செய்து, எப்பக்கம் பார்க்கிறது என்று பையனிடம் கேட்டு, விடைகளை என்னை எழுதச் சொன்னார். பத்தில் நான்கு பிழை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் சராசரியாக ஐந்து பிழைதான் வந்திருக்கும்.

"பெரிய பிளேனுக்கும் இதேதான் மாஸ்டர் நடந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் கழியைத் தோளில் சாத்தி, மேற்குப் பக்கம் பார்த்தார். அத்திசையில் மலைகளுக்கு மேல் மலையாக, நேர்கோட்டில் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், ஏழு கன்னியர் மலை இருக்கிறது.

நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்து மக்களுக்கு அம்மலையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அடுத்தடுத்து நிற்கும் ஏழு சிகரங்களைச் சிங்களத்தில் சப்த கன்னியா என்பர். 1974ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4ஆம் திகதி இரவு பத்தேகால் மணியளவில், அம்மலைத் தொடரின் அஞ்சிமலையில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில், ஒல்லாந்து நாட்டு மார்ட்டினெயர் நிறுவனத்தின் டி.சி.8 ரக ஜெட் விமானம் ஒன்று மோதிச் சிதறியது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காகச் சுரபாயா நகரிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, இடையில் கொழும்பில் இறங்கிச் செல்லவேண்டிய விமானம் அது. யாத்திரிகர் 182 பேர்; பணியாளர் 9 பேர். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. யாத்திரிகரில் 111 பேர் கிழக்கு ஜாவாவின் பிளித்தார்ப் பகுதியினர். 71 பேர் லமொங்கான் பகுதியினர். வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேமித்துப் புனித யாத்திரைக்குப் புறப்பட்ட கிராமத்து மக்கள், பெயரும் கேட்டறியாத ஒரு மலையில் மாண்டுபோனார்கள். இலங்கை மண்ணில் இதனினும் பெரிய விமான விபத்து அதற்கு முன்னும் நிகழ்ந்ததில்லை, பின்னும் நிகழ்ந்ததில்லை.

அப்போது நான் பள்ளி மாணவன். பாண் வாங்க விடியுமுன் வரிசையில் நின்ற காலம். தோட்டங்களில் பசியால் மனிதர் மெலிந்து மடிந்த காலம். விமானம் விழுந்த செய்தி மறுநாள் அந்த வரிசையில்தான் என் காதுக்கு எட்டியது. மலை விமானத்தை இழுத்துக்கொண்டது என்றார்கள். கன்னியர் எழுவரின் கோபம் என்றார்கள். அப்பேச்சுக்களை இன்று நினைக்கும்போது, திடலில் ரோதமுனியின்மேல் பழிபோட்ட மூதாட்டியின் முகம் நினைவுக்கு வருகிறது.

விசாரணையாளர்கள் கண்ட முடிவு சுருக்கமானது. விமான நிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையால், உயர்ந்துகொண்டு போகும் நிலத்தில் விமானம் மோதியது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் நம்பியிருந்தமையே இதற்குக் காரணம், அவை தவறான பொருள் கொள்வதற்கு இடம் வைத்தன என்பது அவர்கள் கருத்து. இம்முடிவை விரித்துச் சொன்னாலன்றி இதன் கனம் புலப்படாது.

டொப்ளர் என்பவர் ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி. 1842இல் அவர் எடுத்துக்காட்டிய உண்மையை, நானுஓயாவிலோ ஹட்டனிலோ ரயில் மேடையில் நின்றவர் எவரும் காதாலறிவர். ஊதிக்கொண்டு வரும் ரயிலின் ஒலி நம்மைக் கடக்கும்வரை கூர்மையாகவும், கடந்தபின் தாழ்ந்தும் கேட்கும். அலையை எழுப்பும் பொருள் அசைந்தால் அலையின் சுருதி மாறுகிறது. மாற்றத்தை அளந்தால் வேகம் தெரிகிறது. விமானத்திலுள்ள டொப்ளர் கருவி, கீழ்நோக்கிச் சாய்வாக ராடர் அலைகளை எறிந்து, நிலத்தில் பட்டுத் திரும்பும் அலையின் சுருதி மாற்றத்தைக் கொண்டு, எவ்வளவு வேகத்தில் போகிறோம், காற்று எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்பவற்றை அறியும். அவற்றை மணிக்கணக்காகக் கூட்டிக் கூட்டி, புறப்பட்ட இடத்திலிருந்து இத்தனை மைல் வந்துவிட்டோம் என்று சொல்லும்.

கூர்ந்து பார்த்தால், அக்கருவி எந்த இடத்தையும் காண்பதில்லை, எண்ணிக்கொண்டு போகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு காலடிகளை எண்ணி வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டவன் எந்நிலையில் இருப்பானோ அந்நிலைதான் அதற்கும். ஒவ்வோர் அடியிலும் சேரும் சிறு பிழை அடுத்த அடியில் தீர்வதில்லை. வட்டிபோல் ஏறிக்கொண்டே போகும். அதிலும் கடல்மேல் பறப்பது அதற்குச் சோதனையான வேலை. அலையற்ற கடல் கண்ணாடிபோல் ராடரை அப்பால் சிதறவிட்டுவிடும். அலையுள்ள கடலோ தானே நகர்ந்துகொண்டிருக்கும். சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். வழியெல்லாம் பெரும்பாலும் கடல். விபத்து நிகழ்ந்த மலையிலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 40 கடல்மைல், அஃதாவது 74 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுப் பயணத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவான தூரம் அது. கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கும்போது இருபது கிராம் குறைந்தால் நம்மில் எத்தனை பேர் கவனிப்போம்?

இனி, வானிலை ராடர். அது மழைமேகத்தைக் கண்டு விலகுவதற்கென உண்டானது. அதனைச் சற்றே தாழ்த்திப் பிடித்தால் கடற்கரையும் திரையில் விழும். நிலம் ஒருவிதமாகவும் நீர் ஒருவிதமாகவும் ஒளிரும். ஆனால் திரையில் தெரியும் கோட்டின்மேல் இது இன்ன ஊர் என்று எழுதப்பட்டிருப்பதில்லை. எழுதுபவன் பார்ப்பவன். தான் எங்கே இருக்கிறோம் என்று ஏற்கெனவே ஓர் எண்ணம் கொண்டவன், தெரிந்த கோட்டை அந்த எண்ணத்துக்குப் பொருந்தும்படியே வாசிப்பான். பனியின்மீது கீற்றைக் கண்ட என் மருமகனும் அப்படித்தானே வாசித்தான்!

அன்றிரவு ஆகாயத்தில் நடந்ததை மனக்கண்ணால் பார்க்க வேண்டும். கட்டுநாயக்கவின் கட்டுப்பாட்டாளர் இறுதியாக 2,000 அடிவரை இறங்க அனுமதி கொடுத்து, ஓடுபாதை தெரிந்ததும் அறிவிக்கும்படி சொல்கிறார். நீர்கொழும்பு வாவியும் தென்னந்தோப்பும் கீழேயிருக்குமானால் 2,000 அடி தாராளமான உயரம். விமானிகளின் மனத்தில் கீழே இருந்தவை அவையே. உண்மையில் கீழே இருந்தது தேயிலை. இருள், எதிரே ஓடுபாதை விளக்கு எந்நேரமும் தென்படும் என்ற எதிர்பார்ப்பு. இன்னும் ஏறத்தாழப் பத்து நிமிடம் பறந்திருந்தால் விளக்கும் தெரிந்திருக்கும். இயந்திரங்கள் நான்கும் இயங்கிக்கொண்டிருந்தன. இறக்கைகள் கை சொன்னபடி கேட்டன. விமானத்தில் எதுவும் பழுதாகவில்லை என்பதுதான் இதிலுள்ள கொடுமை. செலுத்துபவன் கைக்குள் அடங்கியபடியே நிலத்தில் மோதும் இவ்வகை விபத்துக்கு விமானத் துறையார் தனியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அக்காலத்து ஜெட் பயணத்தில் உயிரை அதிகம் குடித்த வகைகளில் இதுவும் ஒன்று.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு தற்செயலைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. அஞ்சிமலை விபத்துக்குச் சரியாக மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகரத்து டலஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த டி.டபிள்யு.ஏ. விமானமொன்று இதே வண்ணம் ஒரு மலையில் மோதி 92 பேர் மாண்டனர். இறங்க அனுமதி கிடைத்தது என்றால் எந்த உயரம்வரை இறங்கலாம் என்பதில் தரையிலிருந்தவர் ஒன்றை எண்ண, விமானி வேறொன்றை எண்ணினார். அந்நாட்டில் எழுந்த கூக்குரல் வீண்போகவில்லை. டொன் பேட்மன் என்னும், கனடாவிற் பிறந்த பொறியியலாளர் முன்பே உருவாக்கி வைத்திருந்த ஒரு கருவியைப் பெரிய ஜெட் விமானங்கள் அனைத்திலும் பொருத்தவேண்டுமென அமெரிக்க அரசு கட்டளையிட்டது. நேர் கீழே அலையை எறிந்து, நிலம் எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று அளந்து, ஆபத்தானால் 'மேலே தூக்கு' என்று குரல்கொடுத்துக் கத்தும் கருவி அது. 1974இல் உலகத்து விமானங்களிற் பெரும்பாலானவற்றில் அப்படியொரு குரல் இல்லை. பிற்காலத்தில் பேட்மனின் குழுவினர் உலகத்து மலைகளின் உயரங்களையே கருவிக்குள் பதிந்து வைத்து, செயற்கைக்கோள் சொல்லும் இடத்தோடு ஒப்பிட்டு, மலை எதிரே வருமுன்னரே எச்சரிக்கும்படி செய்தனர். அவர் 2023இல் காலமானார். இவரால் பிழைத்தவர்கள் தாம் பிழைத்ததையே அறியமாட்டார்கள். ஆதலால் அவருக்கு மாலையிட ஆளில்லை.

காரணம் கண்டுபிடிப்பது எப்போதும் இவ்வளவு தெளிவாக முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான்கு ஆண்டுகளின் பின்னர், 1978 நவம்பர் 15ஆம் திகதி, மற்றொரு டி.சி.8 விமானம் — ஐஸ்லாந்து நாட்டு நிறுவனத்தினுடையது — ஜித்தாவிலிருந்து சுரபாயா திரும்பும் ஹஜ் யாத்திரிகர்களோடு கட்டுநாயக்கவில் இறங்கும்போது தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். இறங்கும் முறைகளை விமானிகள் கைக்கொள்ளவில்லை என்று இலங்கை அதிகாரிகள் முடிவு கூறினர். நிலையத்துக் கருவிகளும் தரையிலிருந்து வழிகாட்டியவர்களுமே காரணம் என்று அமெரிக்க, ஐஸ்லாந்து விசாரணையாளர்கள் கூறினர். விழுந்த விமானம் ஒன்று, காரணங்கள் இரண்டு. ஒவ்வொரு தரப்பும் தன் கையிலுள்ள குச்சியை விட்டுவிட்டு மற்றவன் குச்சியைப் பார்த்தது என்று நான் சொன்னால் அது துடுக்குத்தனமாகலாம். ஆயினும், எதிர்ச்சரிவில் மிலாறு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், அந்தத் தோப்புக்கு அருகில் இல்லாமற் போனாளே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

நிற்க. பையன் கொழும்புக்குத் திரும்பி இரண்டு மாதத்தில் புதிய விமானமொன்றைச் செய்துவிட்டான். இம்முறை ஓர் இறக்கையின் அடிப்புறத்துக்குச் செம்மஞ்சள் நிறமும் மற்றதற்குக் கறுப்பும் பூசி, மூக்கில் மின்னும் சிறு விளக்கொன்றும் வைத்திருக்கிறான். விளக்குத் தெரிந்தால் வருகிறது, தெரியாவிட்டால் போகிறது. பெரிய விமானங்களில் ஓர் இறக்கை நுனியில் சிவப்பும் மற்றதில் பச்சையுமாக விளக்கு வைப்பதும் இதற்காகத்தான் என்று அவனே எனக்கு விளக்கினான். அறிந்திருந்தும் முதல் விமானத்துக்கு ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

வெசாக் விடுமுறையில் அவன் வந்தபோது, பெரியவரையும் அழைத்துக்கொண்டு மூவருமாக நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் போனோம். அவ்விமானத்தின் சக்கரம் ஒன்றை அங்கே நினைவுப்பொருளாக வைத்திருக்கிறார்கள். வேறு காட்சி ஒன்றுமில்லை. மழையில் நனைந்த தடித்த டயர். அதனைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பெரியவர் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அன்று அவருக்கு இஸ்டோரில் இரவு வேலை. பத்துமணியை ஒட்டிப் பீடி பற்றவைக்க வெளியே வந்து நின்றபோது, மேகத்துக்கு மேலே பாரமான இரைச்சல் ஒன்று கேட்டது. மேற்குப் பக்கமாகப் போனது. "இவ்வளவு பதிவா எதுக்கு இந்தப் பக்கம் வாறான்னு நெனச்சேன் மாஸ்டர். நெனச்சுட்டு உள்ள போயிட்டேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய இரைச்சலை ஒருவர் நினைவிலிருந்து சொல்லும்போது எவ்வளவு நம்பலாம்? பெரிய நிகழ்ச்சிக்குப் பின்னர், அதனைத் தானும் கேட்டதாக மனம் கற்பித்துக்கொள்வது உலக வழக்கம். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு இந்தச் சந்தேகம் இயல்பு.

வீடு திரும்பியபின் இரவில் பழைய அட்லஸ் புத்தகத்தை எடுத்தேன். சுரபாயாவில் ஒரு புள்ளியும் கட்டுநாயக்கவில் ஒரு புள்ளியும் வைத்து அளவுகோலால் கோடு இழுத்தேன். விமானம் நேர்கோட்டில்தான் வந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இது வெறும் கோடு. கோடு கடலைக் கடந்து, இலங்கையின் தென்கிழக்கில் ஏறி, ஹோட்டன் சமவெளிப் பக்கமாக மலைநாட்டுக்குள் புகுந்தது. ஏழு கன்னியர் மலையைத் தொட்டுக்கொண்டே கட்டுநாயக்கவை அடைந்தது. அம்மலைக்குச் சற்று முன்னால், பென்சில் கோட்டுக்கும் அக்கரப்பத்தனை என்று அச்சிட்டிருந்த எழுத்துக்கும் இடையே என் சுண்டுவிரல் நகத்தை வைக்க இடமிருக்கவில்லை.

விடிந்ததும் அட்லஸைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியவரின் லயத்துக்குப் போனேன்.